வலது பக்கத் தண்டு

ராகலைக் குளிரில், காலையில் முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆகிற கார் நல்ல கார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மற்ற குறைகளையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தர்ஷனுடைய டட்சன் அப்படிப்பட்ட கார். எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. பெயின்ட் போயிருந்தது, கதவு ஒன்று கயிற்றில் நின்றது, ஆனால் சாவியைத் திருப்பினால் போதும்.

நீங்கள் சிங்களத்தில் எழுதிக்கொள்கிறீர்கள் சேர், நான் மெதுவாகவே சொல்கிறேன். நீதவான் முன்னால் இதையெல்லாம் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும் என்றீர்கள். சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். மனசாட்சி கேட்கவில்லை, அதனால் வந்தேன் என்று முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் கணேசமூர்த்தி. ராகலையில் என்னை மூர்த்தி பாஸ் என்றால்தான் தெரியும். உடப்புசல்லாவைக்குப் போகிற பாதையில், டவுன் முடிகிற இடத்தில் என் கராஜ் இருக்கிறது. பெரிய கராஜ் இல்லை. மரக்கறி லொறிகளுக்கு சஸ்பென்ஷனை வெல்டிங் வைத்து ஒட்டுவது, தோட்டத்து ட்ரக்டர்களுக்கு உடைந்ததைச் சரிசெய்வது, இதுதான் வருஷம் முழுவதும். சித்திரை நெருங்கும்போது மட்டும் வேறு மாதிரி ஆட்கள் வருவார்கள். நுவரெலியா சீசனில் தோட்டத்துப் பாதையை அடைத்து மலையேற்ற ரேஸ் வைப்பார்கள் அல்லவா, அதற்குப் பழைய கார்களைத் தயார் செய்கிறவர்கள். அவர்களுக்கு என்னிடம் ஒரு வேலைதான். பின் அச்சைக் குறுக்கிக் கொடுப்பது.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். பழைய சின்னக் கார்களின் பின் அச்சு மெலிசானது. எஞ்சினுக்குப் பலத்தைக் கூட்டினால் அது தாங்காது. ஆகவே ஏதாவது வேனிலிருந்து கனமான பின் அச்சு ஒன்றைக் கழற்றி வருவார்கள். அது அகலம் கூடியது. அப்படியே பூட்டினால் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். எனவே இரண்டு பக்கக் குழாயையும் அறுத்து, உள்ளே நேரான இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி, ஒரு மயிரளவு கோணாமல் மறுபடியும் ஒட்ட வேண்டும். குழாய்க்குள்ளே சக்கரத்தைச் சுற்றுகிற தண்டுகள் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. அவற்றையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும்.

கூடவே எல்.எஸ்.டி. போட்டுக் கேட்பார்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது கார் சாய்ந்து, உள்பக்கத்துச் சக்கரம் லேசாகிவிடும். அச்சின் நடுவில் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற சாதாரண டிஃபரன்ஷல், எஞ்சினின் பலத்தை அந்த லேசான சக்கரத்துக்கே விட்டுக்கொடுத்துவிடும். அது சும்மா சுற்றும், புகையும், கார் ஏறாது. எல்.எஸ்.டி. என்பது வேறு வகை டிஃபரன்ஷல், அதற்குள் தட்டுகள் இருக்கின்றன. அவை இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்துச் சேர்ந்தே தள்ள வைக்கும். கார் நன்றாக ஏறும். தண்டுகளுக்குப் பாரம் கூடும்.

தர்ஷன் என் மருமகன். நல்ல பையன். இதை நான் இப்போது சொல்வதால் நீங்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடாது. அவன் இருந்தபோதும் நான் இப்படித்தான் சொன்னேன். நுவரெலியாவில் ஒரு ஹொட்டலில் வேன் ஓட்டினான். குடிக்க மாட்டான். கை நீட்ட மாட்டான். என்னை மாமா என்று கூப்பிடும்போது எப்போதும் கொஞ்சம் குனிந்துதான் கூப்பிடுவான், உயரம் அப்படி. கல்யாணமான பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அது அவனாகச் சொன்னது. "அப்பாவத் தனியா உட்டுட்டு எங்க போறது," என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறான்.

மகள் சுலக்ஷனா. தோட்டத்துப் பாடசாலையில் டீச்சர். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே என் மனைவி நாகலெட்சுமி போய்விட்டாள். தலை பின்னிவிடக்கூட நான்தான் பழகினேன். கிரீஸ் கையோடு பின்னினால் வாசம் வருகிறது என்று அழுவாள். சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேசிக்காய்த் தோலால் தேய்த்து, பிறகு பின்னுவேன். இரண்டாவது கல்யாணத்துக்கு வந்து கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினேன். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்காக நான் ஒன்றும் கேட்டதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் பக்கத்திலிருந்து எல்லோரும் போகிறார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல, உங்கள் ஸ்டேஷனிலேயே பாஸ்போர்ட் போட்டு வைத்திருக்கிறவர்கள் இருப்பார்கள். தர்ஷனுக்கு நியூசிலாந்தில் பால் லொறி ஓட்டுகிற வேலை கிடைத்தது. மனைவியையும் கூட்டிப் போகலாம். சித்திரை முடிந்து பயணம். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள்தான் சொன்னாள்.

"அப்பா, முதல்ல நாங்க போறோம். அங்க ஒரு எடம் பாத்துக்கிட்டு உங்களக் கூப்புட்டுக்குறோம்."

"நல்லது," என்றேன்.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான். சோறு போடு."

தர்ஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, அங்க பழைய காருக்குப் பைத்தியம் புடிச்ச ஆளுங்க நெறைய இருக்காங்களாம். நீங்க வந்தீங்கன்னா கராஜே போட்றலாம்," என்றான். நான் சிரித்தேன். அவர்கள் இருவரும் சந்தோஷப்பட்டார்கள்.

நான் அவர்களிடம் சண்டை போடவில்லை. எனக்குச் சண்டை வராது. ஒருவரைப் போக வேண்டாம் என்று சொன்னால் அவர் போகத்தான் செய்வார், அதற்குமேல் மனஸ்தாபம் வேறு. அவள் அங்கே போய் என்ன செய்வாள் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். குளிர் நாடு. பேச ஆளில்லை. படித்த படிப்புக்கு வேலை கிடையாது. யார் வீட்டிலாவது கிழவர்களைக் குளிப்பாட்டுவாள். அவளுக்கு அது நல்லதல்ல. இதை அவளால் இப்போது பார்க்க முடியாது, பின்னால் பார்ப்பாள். அதுவரை யாராவது அவளுக்காகப் பார்க்க வேண்டும். அப்படித்தான் நான் நினைத்தேன்.

தர்ஷனுக்கு வேலை போய்விட்டால் இருவரும் போக முடியாது. பால் லொறிக்காரர்கள் ஆள் வரும்வரை காத்திருக்க மாட்டார்கள், வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். இதை அவனே சொல்லியிருந்தான். மெடிக்கலில் தவறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றான். நான் அதைப் பல நாள் யோசித்தேன். கை என்றால் சீக்கிரம் கூடிவிடும், கட்டோடு விமானம் ஏறிவிடலாம். கண், தலை என்பதெல்லாம் பாவம், அவன் வாழ வேண்டியவன். கால்தான் சரி என்று பட்டது. கால் முறிந்தால் ஆறேழு மாதம் வீட்டில் கிடக்க வேண்டும். அதற்குப் பிறகு நன்றாகவே கூடிவிடும். என் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் கால் முறிந்து கிடந்தவர், பிறகு முப்பது வருஷம் நடந்தார்.

சித்திரைக்கு முன்னால் தர்ஷனே கராஜுக்கு ஒரு வேன் அச்சைக் கொண்டுவந்து இறக்கினான்.

"கடைசியா ஒருவாட்டி ஏறிட்டுப் போயிர்றேன் மாமா. ஒவ்வொரு வருஷமும் அந்தக் கொண்டை ஊசியில உள் வீல் சுத்தியே தோத்துப் போறேன். குறுக்கி, எல்.எஸ்.டி. போட்டுக் குடுங்க."

நான் அவனிடம் போய்க் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள் சேர். அவனாகக் கொண்டுவந்தான்.

குழாய் அறுக்க பைஸர் உதவினார். பக்கத்துக் கட்டடத்தில் லேத்து வைத்திருக்கிறவர். ரொம்ப வருஷப் பழக்கம். அவருடைய மூத்த மகள் றிப்காவின் நிக்காஹ்வுக்கு சுலக்ஷனாதான் கூட இருந்து மருதாணி போட்டாள். குழாய் வேலை முடிந்ததும் அவர் தண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இத என்ன செய்யப் போறீங்க?"

"வெட்டி ஒட்டுறேன்."

"வாணாம் அண்ணே. சும்மா ஓடுற காருன்னா சரி. இது ரேஸுக்கு. எல்.எஸ்.டி. வேற போட்றீங்க. கொண்டாங்க, நுனிய வெட்டிட்டு நான் புதுசாப் பல்லு வெட்டித் தாரேன்."

"என் ஒட்டு எங்கயாச்சும் விட்ருக்கா பைஸர்?"

அவர் தண்டுகளைக் கீழே வைத்தார். "இல்லண்ணே. அது உண்மைதான்," என்றார். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அது உண்மைதான். இந்த மலையில் என் ஒட்டு விட்டுப்போனதாக ஒருவரும் வந்ததில்லை. நடுத்தண்டு முறிந்து, ஸ்பிரிங் முறிந்து, சேசிஸே முறிந்து வந்திருக்கிறார்கள், நான் ஒட்டிய இடம் அப்படியே இருக்கும்.

அந்தத் தண்டு கடினமான இரும்பு. சும்மா ஒட்டினால் ஒட்டாது. ஒட்டுகிற இடத்தை முதலில் நன்றாகச் சூடாக்க வேண்டும். ஒட்டி முடிந்ததும் சாம்பலுக்குள் புதைத்து, அதுபாட்டுக்கு ஆற விட்டுவிட வேண்டும். இடது பக்கத் தண்டை அப்படித்தான் செய்தேன். சாம்பலுக்குள் வைத்துவிட்டு, மறுநாள்தான் எடுத்தேன்.

வலது பக்கத் தண்டையும் அதேபோல் சூடாக்கி, அதேபோல் ஒட்டினேன். சிவப்பு அடங்குவதற்கு முன்னால் வாளித் தண்ணீரில் இறக்கினேன். சத்தம் வந்தது, ஆவி வந்தது. வேறொன்றுமில்லை. அப்படி ஆறிய இரும்பு பார்வைக்கு வித்தியாசம் காட்டாது. கிரைண்டரில் தேய்த்த பிறகு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. ஆனால் தண்ணீரில் ஆறியது கண்ணாடி மாதிரி. பாரத்தைத் தாங்கும், தாங்கும், ஒரு முறுக்கில் விட்டுவிடும்.

எங்கே விடும் என்பதையும் நான் யோசித்துத்தான் செய்தேன். ரேஸ் பாதையின் முதல் கொண்டை ஊசியில் ஒரு பக்கம் மண் திட்டு, இன்னொரு பக்கம் டயர் அடுக்கியிருப்பார்கள். அங்கே கார்கள் அடிக்கடி மோதும், ஓட்டுகிறவர் திட்டிக்கொண்டே இறங்கி வருவார். கதவுப் பக்கம் மோதினால் கால் முறியும். அம்புலன்சும் அங்கேயே நிற்கும். இதைவிடப் பாதுகாப்பான இடம் ஒருவருக்குக் காலை முறித்துக்கொள்ளக் கிடைக்காது.

அச்சைப் பூட்டியதும் தர்ஷன் தோட்டத்துப் பாதையில் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்தான். முகமெல்லாம் சேறு. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு வீலும் கடிச்சிக்கிட்டு ஏறுது மாமா. ஏதோ கயிறு போட்டு இழுக்கிற மாதிரி இருக்கு. இப்பிடி ஒரு கார நான் ஓட்டுனதே இல்ல."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒட்டு அன்றைக்கு விடவில்லை. அது விடுகிற நேரம் அதுவல்ல.

பிறகு மழை. சித்திரையில் பின்னேர மழை வழக்கம்தான், ஆனால் அந்த வருஷம் ராத்திரி பகலாகப் பெய்தது. ரேஸ் பாதையில் மண் சரிந்து, தேயிலைச் செடியோடு வந்து பாதையில் உட்கார்ந்துவிட்டது. ரேஸைத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்த தேதி அவர்கள் பயணத்துக்குப் பின்னால்.

"குடுத்து வைக்கல," என்றான் தர்ஷன். வேலை செய்தவன் நான் என்பதால் எனக்குத்தான் வருத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். "கார நீங்களே வச்சுக்குங்க மாமா. நாங்க போனப்புறம் ஞாயித்துக்கெழமைல எடுத்து ஓட்டுங்க," என்றான்.

அந்தத் தண்டைக் கழற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றாமலில்லை. வேலை பெரிதில்லை. ஒரு நாள் ஜாக்கைக்கூட எடுத்து வைத்தேன். பிறகு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்துவிட்டார், அவரோடு போனேன். மறுநாளும் எடுக்கவில்லை. எனக்கு ரொம்பவும் களைப்பாக இருந்தது. வீட்டில் அவள் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்திருந்தாள். அடுக்கி, எடுத்து, மறுபடி அடுக்குவாள். ஊறுகாய்ப் போத்தல் கொண்டு போகலாமா என்று தர்ஷனிடம் கேட்பாள். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

உடப்புசல்லாவையில் அம்மாக்கண்ணு என்று என் மனைவியின் அக்கா இருக்கிறார். போவதற்கு முன் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சுலக்ஷனா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை இருவரும் உடுத்திக்கொண்டு கராஜ் முன்னால் பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ் வரவில்லை. மண் சரிந்ததால் பெரிய பஸ் போகவில்லை என்று யாரோ சொன்னார்கள். அவள் உள்ளே வந்தாள்.

"அப்பா, பஸ் வராதாம். இவரு கார்லயே போயிட்டு வந்துரலாங்கிறாரு."

கார் கராஜுக்குள்தான் நின்றது. நான் ஒரு லொறியின் அடியில் படுத்திருந்தேன். வெளியே வந்து கையைத் துடைத்தேன். தர்ஷன் ஏற்கனவே சாவியைத் திருப்பிவிட்டான். முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆனது.

"நீங்களும் வாங்களேன் மாமா. பெரியம்மாவப் பாத்து நாளாச்சில்ல?"

"இல்ல. வேல கெடக்கு. நீங்க போயிட்டு வாங்க."

"சனிக்கெழமகூடவா?" என்றாள் சுலக்ஷனா. மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். கதவுக்குக் கட்டியிருந்த கயிற்றைத் தானே அவிழ்த்து, உள்ளே ஏறி, மறுபடி கட்டிக்கொண்டாள்.

"மெதுவா போங்க," என்றேன்.

இந்த இடத்தைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். மெதுவாகப் போனால் அந்த ஒட்டு தாங்கும் என்பது என் கணக்கு. உடப்புசல்லாவைப் பாதை ரேஸ் பாதையல்ல. போகும்போது பெரும்பாலும் இறக்கம், எஞ்சினுக்குப் பாரமில்லை. தாங்கத்தான் வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். தவிரவும், அவர்களை நிறுத்த வேண்டுமானால் ஒரு காரணம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு ஒரு காரணமும் வரவில்லை. டயரில் காற்றில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒயில் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சாவியைக் கையில் வாங்கியிருந்தாலே போதும், அவன் கொடுத்திருப்பான். இப்போது இதெல்லாம் தோன்றுகிறது.

அப்போது நான் என்ன செய்தேன் என்றால், கார் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கராஜ் வாசலில் சேறு. வேறு காராக இருந்தால் ஒரு சக்கரம் சுற்றி, சேற்றை வாரி அடித்துவிட்டுத்தான் கிளம்பும். இது இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக ஊன்றி, சத்தமில்லாமல் பாதையில் ஏறியது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு மறுபடி லொறிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு த்ரீவீல்காரர் வந்தார். நான் லொறிக்கு அடியிலிருந்து அவருடைய செருப்பைத்தான் முதலில் பார்த்தேன். அவர் குனியாமல் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு விளங்கிவிட்டது.

அவர்கள் போகும்போது முறியவில்லை. பெரியம்மா வீட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது. திரும்புகாலில் ஏற்றம் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். ஏற்றத்தில் ஒரு வளைவு. வலது தண்டு நடுவில் முறிந்திருக்கிறது. தண்டு முறிந்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பேரிங்தான், அது வளைவில் தாங்காது. சக்கரம் சாய்ந்து, பிரேக்கையும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கார் பின்னாலேயே வழுக்கி, பாதையோரக் கல்லைத் தாண்டி, கீழே தேயிலைக்குள் விழுந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சுலக்ஷனாவை மேலே தூக்கி வந்திருந்தார்கள். யாரோ ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து விரித்து, அதில் படுக்க வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. "இவரு எங்க, அப்பா? இவர மொதல்ல பாருங்க," என்றாள். நான் இறங்கிப் போனேன். அவன் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்தான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், அவள் மேலே இருந்து பார்க்கிறாளே என்று.

அவளுக்கு இடுப்பும் இடது காலும் போய்விட்டன. நுவரெலியா ஆஸ்பத்திரி, கண்டி ஆஸ்பத்திரி, பிறகு வீடு. காலை எடுக்கவில்லை, ஆனால் அது இனி மடங்காது என்றார்கள். இரண்டு ஊன்றுகோலோடு வாசல் வரைக்கும் வருவாள். பாடசாலைக்குப் போவதில்லை. பயணத்துக்கு அடுக்கிய பெட்டியை நான்தான் பிரித்து, துணிகளை அலமாரியில் வைத்தேன்.

காலையில் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். தேங்காய் துருவி ரொட்டி சுடுவேன். முதுகுப் பக்கம் தலையணை வைத்து உட்கார வைப்பேன். கை மேலே தூக்கினால் இடுப்பு வலிக்கிறது என்பதால் தலையும் நானே பின்னிவிட்டேன். முதல் சில மாதங்கள் அவள் அழுதுகொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு அழுகை குறைந்தது. பின்னேரத்தில் ரேடியோ போட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்திருப்போம், வெளியே மழை பெய்யும். நீங்கள் உண்மையைக் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். அந்த மாதங்களில் நான் துன்பப்பட்டேன் என்று சொன்னால் அது பொய்.

உங்கள் ஆட்கள் வந்து விசாரித்தார்கள். வாகனப் பரிசோதகர் வந்து முறிந்த தண்டைப் பார்த்தார். ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை, ஒட்டியவரின் கைத்தவறு என்று எழுதினார். சொந்த மருமகன் என்பதால் என்மேல் எல்லோருக்கும் இரக்கம். விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவுமில்லை.

அதற்குப் பிறகு கராஜுக்கு வருகிறவர்கள் ஒட்டு வேலையை மட்டும் என்னிடம் கொடுப்பதில்லை. மற்றதையெல்லாம் கொடுப்பார்கள். ஒட்டுவதற்கு பைஸரிடம் எடுத்துப் போவார்கள். என் கண்முன்னாலேயே, ஆனால் மரியாதையாக. ஒரு நாள் பைஸர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்லண்ணே. சொல்லிக்காட்ட வரல்ல. வயசு எல்லாருக்கும் வரும். கண்ணாடிய மாத்திப் பாருங்க, ஒட்டுற நேரம் கையும் நடுங்கும்," என்றார். அவருடைய கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. நன்றி என்று சொன்னேன்.

நேற்றுப் பின்னேரம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சுலக்ஷனா ஊன்றுகோலோடு குசினி வாசலில் வந்து நின்றாள். அவள் தானாகக் குசினி வரைக்கும் வந்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"உக்காந்து சொல்லு."

"இல்ல, நின்னுக்கிட்டே சொல்லிர்றேன். ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லப்பா. மொதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல. நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? கை தவறிருச்சு. அதையே நெனச்சு நெனச்சு நீங்க ஒடஞ்சு போறத என்னால பாக்க முடியல. அவரு இருந்தாக்கூட இதத்தான் சொல்லியிருப்பாரு."

நான் பானையை இறக்கி வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறேன். இனிமே வெல்டிங் வேணாம்ப்பா. ஒங்களுக்கு முந்தி மாதிரி வராது. யாருக்கும் இன்னொரு தடவ இப்பிடி ஆகக்கூடாது."

அவள் அழவில்லை. ரொம்பவும் அன்பாகச் சொன்னாள். பக்கத்தில் வந்து, ஒரு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் கையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நோயாளியின் கையைப் பார்ப்பது மாதிரி. சரி என்று சொன்னேன். சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டாள். என்னால் சாப்பிட முடியவில்லை.

காலையில் அவளுக்கு ரொட்டி சுட்டு மூடி வைத்துவிட்டு, பைஸருடைய மனைவி கமறியாவிடம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் இங்கே வந்தேன். நுவரெலியாவில் ஒரு வேலை இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஆமாம் சேர், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். தர்ஷனைக் கொன்றது நான். என் மகளை இப்படி ஆக்கியதும் நான். தெரிந்துதான் செய்தேன், தெரிந்துதான் அவர்களைப் போகவிட்டேன். இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், நான் வக்கீல் வைக்கப் போவதில்லை. அவளிடம் உங்களில் யாராவது போய்ச் சொல்வீர்கள். எப்படிச் சொன்னாலும் சரிதான், என்னால் அதில் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் பரிசோதகருடைய அறிக்கையில் கைத்தவறு என்று இருக்கிறதல்லவா, அதை மட்டும் அடித்துவிட்டு மாற்றி எழுதச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் இடது பக்கத் தண்டை எடுத்து எந்த மெஷினில் வேண்டுமானாலும் முறுக்கிப் பார்க்கலாம், அது விடாது. வலது பக்கம் விட்டது என்றால், விட வேண்டும் என்று நான் ஒட்டியதால் விட்டது. பைஸரிடமும் இதைச் சொல்லுங்கள். மகளிடம் சொல்லும்போது, மற்றது எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், முதலில் இதைச் சொல்லுங்கள் சேர்: அப்பாவுடைய கண்ணுக்கும் கைக்கும் இன்னும் ஒரு குறையும் இல்லை.